ஐப்பசிக்கு முன் ஏணி எடுங்கள்: காவிரிப் படுகைத் திருச்சபைகளுக்கு ஒரு திறந்த மடல்

கிறிஸ்துவுக்குள் அன்பான குருவானவர்களுக்கும், பங்குத்தந்தையருக்கும், சேகரக் கமிட்டி, பங்குப் பேரவை, சபைச் சங்கப் பொறுப்பாளர்களுக்கும், ஆலயத்தின் கணக்கையும் சாவியையும் கையில் வைத்திருக்கும் எல்லாருக்கும் வாழ்த்துகள்.

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் தண்ணீர், மின்சாரம், கட்டட வேலை பார்க்கும் கிறிஸ்தவர்கள் சேர்ந்து இதை எழுதுகிறோம். லுத்தரன், சிஎஸ்ஐ, கத்தோலிக்கம், பெந்தெகொஸ்தே என்று எங்கள் சபைகள் வேறு வேறு. கோரிக்கை ஒன்றுதான். ஐப்பசி மழை பிடிக்குமுன், உங்கள் ஆலய வளாகம் முந்நூறு பேருக்குப் பத்து நாள் குடிதண்ணீரும் விளக்கும் கழிப்பறையும் கொடுக்கும் நிலைக்கு வர வேண்டும். வருகிறவர் எந்தச் சபை, எந்த மதம், எந்தத் தெரு என்று யாரும் கேட்கக் கூடாது.

2004 டிசம்பர் 26 அன்று கடல் ஏறியபோது ஜனங்கள் ஆலயத்துக்கும் பள்ளிக்கும் தர்காவுக்கும் கல்யாண மண்டபத்துக்கும் ஓடினார்கள். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறியபோதும் அப்படித்தான். புயல் ஓர் இரவில் போய்விட்டது. மின்கம்பங்களைத் திரும்ப நட்டுக் கம்பி இழுக்கப் பல ஊர்களில் வாரக்கணக்காயிற்று. மின்சாரம் இல்லையென்றால் மோட்டார் இல்லை. மோட்டார் இல்லையென்றால் ஊராட்சியின் மேல்நிலைத் தொட்டி ஒரே நாளில் காலி. பத்து நாள் என்று நாங்கள் கேட்பது இதனால்தான்.

முதலில் தண்ணீர்க் கணக்கு. குடிக்கவும் சமைக்கவும் மட்டும் ஆளுக்கு நாளொன்றுக்கு 5 லிட்டர் வையுங்கள். 300 பேர், 10 நாள்: 15,000 லிட்டர். மலைக்க வேண்டாம். 1 சதுர மீட்டர் கூரையில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர். 150 சதுர மீட்டர்க் கூரையில் 100 மில்லிமீட்டர் பெய்தால், சிதறலும் ஆவியும் போக, ஏறத்தாழ 12,000 லிட்டர் பிடிக்கலாம். கார்த்திகையில் ஒரு தாழ்வு மண்டலம் வந்தால் ஒரே நாளில் பெய்துவிடும் மழைதான் அது. தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு 2003 முதல் எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயம். உங்கள் வளாகத்திலும் ஒரு குழாய் கூரையிலிருந்து இறங்கி ஜல்லி போட்ட ஒரு குழிக்குள் போகும். அந்தக் குழி நிலத்தடிக்கு நல்லது, இருக்கட்டும். ஆனால் குடத்தில் பிடிக்க அது உதவாது. தொட்டி வேண்டும்.

கூரை ஓரத்தில் ஓடும் தகர வாய்க்காலுக்கு மீட்டருக்கு 1 சென்டிமீட்டர் வாட்டம் கொடுங்கள். மணிக்கு 100 மில்லிமீட்டர் வேகத்தில் மழை அடித்தால் 4 அங்குலக் குழாய் ஒன்று 40 சதுர மீட்டர்க் கூரைத் தண்ணீரைத்தான் தாங்கும். ஆக 150 சதுர மீட்டருக்கு நான்கு குழாய். ஒரே குழாயை மூலையில் இறக்கிவிட்டு, பெருமழையில் வாய்க்கால் நிரம்பிச் சுவர் வழியாக வழிந்து, அடுத்த வருடம் சுவரில் பூசணம் என்று அழுவது நம் வளாகங்களில் வழக்கமாகிவிட்டது.

அடுத்தது முதல் மழை. ஆலயக் கோபுரத்தில் புறா இல்லாத ஊர் டெல்டாவில் அபூர்வம். ஆறு மாதத்து எச்சமும் தூசியும் முதல் மழையோடு இறங்கும். கூரையின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 1 லிட்டர் என்று கணக்கிட்டு அந்த முதல் தண்ணீரைத் தொட்டிக்குப் போகவிடாமல் தனியே பிடிக்க வேண்டும். இதற்கென்று ஒரு மீட்டர் 4 அங்குலக் குழாயைச் செங்குத்தாக நட்டு மூடி போட்டுவிட்டு 'ஃபில்டர் வைத்தாயிற்று' என்கிறார்கள். அந்தக் குழாயில் மீட்டருக்கு 8, 9 லிட்டர்தான் கொள்ளும். 150 சதுர மீட்டர்க் கூரைக்கு 150 லிட்டர் பிடிக்க வேண்டுமே! 200 லிட்டர் டிரம் ஒன்றை டி ஜாயிண்ட் போட்டுக் குழாயில் இணையுங்கள். டிரம் நிறைந்த பிறகே தண்ணீர் தொட்டிக்குத் திரும்பும். டிரம்மின் அடியில் 3 மில்லிமீட்டர் துளை ஒன்று போட்டால் அடுத்த மழைக்குள் அது தானே வடிந்து காலியாகும். துளை அடைத்துக்கொண்டால் டிரம் எப்போதும் நிறைந்தே நிற்கும். அழுக்கு நேராகத் தொட்டிக்குப் போகும். மாதம் ஒரு முறை ஒரு கம்பியால் குத்திவிட வேண்டிய வேலை இது. ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் தண்ணீரைக் குடிக்கப் பிடிக்காதீர்கள். அது கழிப்பறைக்கும் தோட்டத்துக்கும் போகட்டும்.

தொட்டிக்கு வருவோம். 5,000 லிட்டர் சின்டெக்ஸ் மூன்று போதும். நிறைந்தால் ஒவ்வொன்றும் 5 டன். அடியில் கான்கிரீட் மேடை இல்லாமல் செங்கல் அடுக்கின்மேல் வைத்தால், மண் ஊறும் கார்த்திகையில் ஒரு பக்கம் அமிழ்ந்து குழாய் முறியும். கறுப்புத் தொட்டியாக இருக்கட்டும். வெளிச்சம் புகுந்தால் பாசி. குழாயை அடிமட்டத்திலிருந்து 15 சென்டிமீட்டர் மேலே பொருத்தினால் வண்டல் குடத்துக்கு வராது. வழிந்து போகும் குழாய், உள்ளே வரும் குழாயின் அளவுக்குக் குறையக் கூடாது. எல்லா வாயிலும் கொசுவலை கட்டுங்கள், இல்லையென்றால் டெங்குவை நாமே வளர்த்தவர்களாவோம். புயல் அறிவிப்பு வந்தால், காலியாக இருக்கும் தொட்டியை எந்தத் தண்ணீரையாவது விட்டு நிரப்பிவிடுங்கள். காலித் தொட்டி காற்றில் பறக்கும்; பறந்து யார் வீட்டுக் கூரையில் இறங்கும் என்று சொல்ல முடியாது.

மருந்தும் கணக்குப் பார்த்துத்தான். கடையில் வாங்கும் பிளீச்சிங் பவுடரில் குளோரின் 25 சதவீதம் என்று கொள்ளுங்கள். 5,000 லிட்டருக்கு 40 கிராம். நேராகத் தொட்டியில் கொட்டாமல் வாளித் தண்ணீரில் கரைத்து, தெளியவிட்டு, தெளிந்த நீரை மட்டும் ஊற்ற வேண்டும். அரை மணி கழித்து, தண்ணீரில் மீந்த குளோரினைக் காட்டும் குளோரோஸ்கோப்பில் பார்த்தால் லிட்டருக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம் மீதம் காட்ட வேண்டும். காட்டவில்லையென்றால் பவுடர் பழசு, அல்லது தண்ணீரில் அழுக்கு அதிகம். போன வருடம் திறந்த மூட்டை ஈரம் கோத்து வெறும் சுண்ணாம்பாகிவிடும், அதை நம்பாதீர்கள். வருடத்துக்கொரு முறை தொட்டியைத் தேய்த்துக் கழுவி நிரப்பி, 1 கிலோ கரைத்து ஒரு நாள் முழுக்க நிறுத்தி, பிறகு வெளியேற்றிவிட்டு நல்ல தண்ணீர் பிடிக்க வேண்டும். வெளியேற்றும் தண்ணீரை மீன் இருக்கும் குளத்தில் விடாதீர்கள்.

மழைத்தண்ணீர் குடிக்கவும் சமைக்கவும். குளிக்க, துவைக்க, கழிப்பறைக்கு என்று ஆளுக்கு இன்னும் 10 லிட்டராவது வேண்டும். அதற்கு நாங்கள் நம்புவது அடிபம்பை.

இந்த அடிபம்பின் கதை நம் ஆலயங்களில் சொல்லப்படுவதே இல்லை. மகாராஷ்டிரத்து வறட்சிக் கிராமங்களில் ஆரம்பத்தில் வைத்தவை ஒரு வீட்டுக்காரர் நாளுக்குச் சில தடவை அடிப்பதற்காக வார்த்த பம்புகள். ஊரே விடியலிலிருந்து இருட்டும்வரை அடித்ததும் வார்ப்பிரும்புக் கைப்பிடி உடைந்தது, அச்சு தேய்ந்தது, பம்பு நின்றது. பெண்கள் பழையபடி தூரத்துக் கிணற்றுக்கு நடந்தார்கள். 1960களின் கடைசியில் ஜால்னா, சோலாப்பூர் பகுதிகளில் தண்ணீர்ப் பணி செய்த கிறிஸ்தவ மிஷன் பட்டறைகள் இதைக் கையில் எடுத்தன. வார்ப்பிரும்பை விட்டு எஃகை வெல்டிங் செய்தார்கள். அச்சுக்கு மூடிய பேரிங் போட்டார்கள். கைப்பிடி வளைவாக ஏறி இறங்கினாலும் உள்ளே போகும் தண்டு நேராகவே ஏறி இறங்கும்படி இரண்டுக்கும் நடுவே ஒரு செயினைக் கோத்தார்கள். அந்த வடிவத்தைத்தான் 1970களில் யூனிசெஃப் துணையோடு திருத்தி, கோயம்புத்தூர்ப் பக்கம் கடுமையாகச் சோதித்து, சென்னையின் ரிச்சர்ட்சன் அண்டு குரூடாஸ் ஆலையில் செய்தார்கள். நம் தெருவில் நிற்கும் இந்தியா மார்க் டூ அதுதான். தாகமாயிருந்தவனுக்குத் தண்ணீர் கொடுத்தீர்களா என்று மத்தேயு 25 கேட்கிறது. அந்தக் கேள்விக்கு அந்தப் பட்டறைகள் ஒரு செயினால் பதில் சொன்னதாகவே எங்களுக்குத் தோன்றுகிறது.

உங்கள் வளாகத்திலோ பக்கத்துத் தெருவிலோ ஒரு மார்க் டூ துருப்பிடித்து நிற்கலாம். ஒரு குடமும் கடிகாரமும் கொண்டு போய்ச் சோதியுங்கள். நிதானமாக ஒரு நிமிடத்தில் 40 முறை அடித்தால் 12 லிட்டர் வர வேண்டும். 300 பேருக்குக் குளிக்கத் துவைக்க நாளொன்றுக்கு 3,000 லிட்டர் என்றால் நான்கு மணி நேரத்துக்கு மேல் அடிக்க வேண்டும். ஒரு பம்பு தாங்கும். பல முறை வெறுமனே அடித்த பிறகே தண்ணீர் வருகிறதென்றால் கால் வால்வு கசிகிறது, அல்லது உள்ளே பிஸ்டன் வாஷர் தேய்ந்திருக்கிறது. தோல் வாஷருக்குப் பதில் ரப்பர் வாஷர் கேட்டு வாங்குங்கள். செயினுக்கு கிரீஸ், அடி போல்ட்டுக்கு முறுக்கு, இவை வருடத்துக்கு இரண்டு முறை. காலையில் முதல் குடம் சிவப்பாக வந்து பிறகு தெளிந்தால் அந்தச் சிவப்பு பெரும்பாலும் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயின் துரு. உப்புத் தண்ணீர்ப் பகுதியில் ஜிஐ குழாய் தின்னப்பட்டுவிடும். அங்கே பிவிசி குழாயும் ஸ்டெயின்லெஸ் தண்டும் போட்டால் கூடுதல் செலவு இரண்டு மழைக்காலத்தில் திரும்பிவிடும். பம்பைச் சுற்றிய சிமெண்ட் மேடை வெடித்திருந்தால் அதை முதலில் பூசுங்கள். துவைத்த தண்ணீர் அந்த வெடிப்பு வழியாகத்தான் திரும்பப் போருக்குள், அதாவது ஆழ்துளைக் கிணற்றுக்குள், இறங்குகிறது. மேடை, 2018இல் தண்ணீர் நின்ற மட்டத்துக்கு மேலே இருக்கட்டும். மேலே தண்ணீர் ஊற்றி அடித்தால்தான் இழுக்கும் சின்னப் பம்புகளை அவசர காலத்தில் நம்ப வேண்டாம். குட்டைத் தண்ணீரை ஊற்றி அடித்துவிடுவார்கள், நோய் அங்கிருந்து தொடங்கும்.

கடலோரச் சபைகளுக்குத் தனியாக ஒரு சொல். வேதாரண்யம், கோடியக்கரை, புஷ்பவனம் பக்கத்து மணல்மேட்டில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின்மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நல்ல தண்ணீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் நல்ல தண்ணீர் இருக்கும் என்பது கணக்கு. அதைத் திருப்பிப் பாருங்கள்: மேலே அரை மீட்டர் வற்றினால் கீழிருந்து உப்பு இருபது மீட்டர் ஏறும். போர் உப்புக் கரித்ததும் இன்னும் ஆழமாகப் போடச் சொல்லி நன்கொடை திரட்டும் சபைகள் உண்டு. ஆழம் போகப் போக உப்புத்தான். 5 ஹெச்பி மோட்டார் போட்டு உறிஞ்சினால் நடுவில் உப்பு கூம்பாக எழுந்து வரும். அங்கே சரியான வழி ஆழமில்லாத அகலக் கிணறு, அரை ஹெச்பி மோட்டார், விட்டு விட்டு எடுப்பது. எந்த மேட்டில் தோண்டினால் தித்திக்கும் என்பது அங்கே தண்ணீர் சுமக்கும் பெண்களுக்குத் தெரியும். அவர்களைக் கேட்டுவிட்டுத் தோண்டுங்கள். உள்ளூராரிடம் கற்பதில் வெட்கமில்லை: ஆழம் காணாத மணலில் அடித்தளம் போடும் வித்தையைக் கல்லணை கட்டிய பழங்காலத்தாரிடம் கற்றதாக ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டனே எழுதியிருக்கிறார்.

தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்கி வையுங்கள். பங்குனியில் ஒரு முறை, கார்த்திகையில் ஒரு முறை அளந்து எழுதுங்கள். குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது. வேறு தண்ணீர் இல்லாவிட்டால் 2,000 வரை அனுமதி உண்டு என்கிறது இந்தியத் தரம். 500க்குக் கீழே இருக்கும் தண்ணீருக்கு உப்பை எடுக்கும் ஆர்ஓ தேவையே இல்லை. கிருமிக்குக் குளோரின் போதும். இருந்தும் நன்கொடையாளர் பெயரைப் பெரிதாக எழுதும் வசதி இருப்பதால் ஆர்ஓ வைக்கிறோம். தேவைப்படும் இடத்திலும், ஒரு குடம் நல்ல தண்ணீருக்கு ஒன்றிரண்டு குடம் உப்புக் கழிவு வெளியேறுமே, அது எங்கே போகிறது என்று பாருங்கள். பல இடங்களில் அது கிணற்றுக்குப் பக்கத்துக் குழியில் போய், அதே போரில் ஊறி, வருடத்துக்கு வருடம் மெம்பிரேன் சீக்கிரம் கெடுகிறது.

இந்தத் தண்ணீர் எங்கே கிடைக்க வேண்டும்? மதிலுக்கு வெளியே. தெருவைப் பார்த்து இரண்டு குழாய். கேட்டைத் திறக்கச் சொல்லி யாரையும் கூப்பிடாமல், செருப்பைக் கழற்றாமல், எந்தத் தெருப் பெண்ணும் நள்ளிரவிலும் குடத்தை வைத்துப் பிடிக்க முடிய வேண்டும். நம் ஊர்களில் ஊரும் காலனியும் எப்படிப் பிரிந்து கிடக்கின்றன, ஆலயத்துக்குள்ளும் கல்லறையிலும் அந்தக் கோடு எப்படி நுழைந்திருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. யாக்கோபின் கிணற்றடியில் சமாரியப் பெண்ணிடம் 'தாகத்துக்குத் தா' என்று கேட்டவர் நம் ஆண்டவர். குழாயை எந்தப் பக்கச் சுவரில் வைக்கிறோம் என்பதும் எங்களுக்கு விசுவாசத்தைச் சேர்ந்த விஷயம். செப்டம்பர் 8 வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு நடந்து வருகிறவர்களுக்கு இந்தக் குழாய்களை ஆகஸ்டிலேயே திறந்துவிடுங்கள். ஆயிரக்கணக்கானோர் பிடிக்கும்போது எந்த வாஷர் போகும், எங்கே சேறாகும் என்று தெரிந்துவிடும். மழைக்கு முன் அதைவிட நல்ல ஒத்திகை கிடைக்காது.

இனி மின்சாரம். ஆலய மாடியில் சோலார் வைத்திருக்கிறோம், கவலையில்லை என்று நினைப்பவர்கள் இன்றைக்கே ஒரு சோதனை செய்யுங்கள். நல்ல வெயிலில் மெயின் சுவிட்சை இறக்குங்கள். விளக்கு அணைந்தால் உங்களிடம் இருப்பது ஆன்கிரிட். மின்வாரிய மின்சாரம் நின்றதும் அந்த இன்வெர்ட்டர் தானே நின்றுவிடும். உச்சி வெயிலிலும் ஒரு செல்போன்கூட சார்ஜ் ஆகாது. அது பழுதில்லை. கம்பத்தில் ஏறி வேலை செய்யும் மின்வாரிய ஊழியரைக் காப்பாற்ற வைத்த ஏற்பாடு. புயலுக்கு உதவ வேண்டுமானால் பேட்டரியோடு கூடிய ஹைபிரிட் இன்வெர்ட்டர் வேண்டும். 12 வோல்ட் 150 ஆம்பியர் பேட்டரி இரண்டில் 3,600 வாட்மணி; ஆயுளைக் காக்கப் பாதியைத்தான் எடுக்கலாம், 1,800. 9 வாட் எல்இடி பத்து, ஆறு மணி நேரம்: 540. செல்போன் 50, தலா 15 வாட்மணி: 750. மிச்சத்தில் அரை ஹெச்பி மோட்டார் அரை மணி நேரம். மின்விசிறியும் ஆம்ப்ளிஃபயரும் அதில் ஓட முடியாது என்று முன்பே எழுதி ஒட்டுங்கள். மோட்டார் கிளம்பும்போது மூன்று நான்கு மடங்கு இழுக்கும் என்பதால் இன்வெர்ட்டர் 2 கேவிஏவுக்குக் குறையக் கூடாது. 1 கிலோவாட் பேனல் வெயில் நாளில் 4 யூனிட் கொடுக்கும், மூடிய வானத்தில் ஒன்றுகூடத் தேறாது. ஆகவே புயலுக்கு மறுநாள் சிக்கனம்தான். பேட்டரியைத் தரையில் வைக்காமல் நான்கடி உயர ஸ்டாண்டில், காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். பேனலைப் பிடிக்கும் போல்ட் ஸ்டெயின்லெஸ்தானா என்று காந்தத்தோடும் கண்ணோடும் பாருங்கள்; கடற்காற்றில் சாதாரண போல்ட் மூன்றாம் வருடம் கையால் முறியும்.

ஜெனரேட்டர் வாடகைக்கு எடுக்கும் சபைகள், மின்வாரிய லைனைத் துண்டித்து ஜெனரேட்டருக்கு மாற்றும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் இல்லாமல் ஒரு நிமிடமும் ஓட்டாதீர்கள். இரண்டு பக்கமும் பின் வைத்த ஒயரைச் சுவர் பிளக்கில் செருகினால், அந்த மின்சாரம் மீட்டர் வழியாகத் தெருக்கம்பிக்குப் போகும். தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் அதைத் தலைகீழாக 11,000 வோல்ட்டாக ஏற்றும். 'லைன் செத்துக் கிடக்கிறது' என்று நம்பி மூன்று ஊருக்கு அப்பால் கம்பியைப் பிடித்திருப்பவர் விழுவார். நம் ஊருக்கு வெளிச்சம் கொண்டுவர வெளிமாவட்டத்திலிருந்து வந்து கொட்டும் மழையில் நிற்பவர் அவர். ஜெனரேட்டரை வெளியே, ஜன்னலுக்குத் தள்ளி வையுங்கள். அதன் புகை தூங்குகிறவர்களை எழுப்பாது, கொன்றுவிடும்.

கழிப்பறை பற்றி எழுதும்போது எங்கள் கை நடுங்குகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். முதல் சில நாளுக்கு 50 பேருக்கு ஒன்று என்றாலும் 300 பேருக்கு ஆறு வேண்டும். உள்தாழ்ப்பாள், விளக்கு, முதியவருக்குக் கைப்பிடியும் சாய்தளமும். 1 அடி ஏற 12 அடி நீளம் இருந்தால்தான் சக்கர நாற்காலி ஏறும். டெல்டாவின் சிக்கல் நிலத்தடி நீர். கார்த்திகையில் அது தரைமட்டத்துக்கே வந்துவிடுவதால் உறிஞ்சுகுழி உறிஞ்சாது, திரும்பிப் பொங்கும். அப்படிப்பட்ட இடத்தில் கழிப்பறையை மேடு கட்டி உயர்த்துங்கள், அல்லது முசிறிப் பகுதியில் பல வருடமாகப் பயன்படும், சிறுநீரையும் மலத்தையும் தனித்தனியே பிரிக்கும் உலர் கழிப்பறையைப் போய்ப் பாருங்கள். செப்டிக் டேங்கைக் கோடையிலேயே லாரி வைத்து உறிஞ்சி எடுத்துவிடுங்கள். மழைக்காலத்தில் காலி செய்தால் சுற்றியுள்ள நிலத்தடி நீர் வெறும் தொட்டியை மேலே தள்ளி வெடிக்கவைக்கும்.

அந்தத் தொட்டிக்குள் எந்த மனிதரையும் இறக்காதீர்கள். அடைப்பு எடுக்கவும் வேண்டாம், 'ஒரே நிமிஷம்' என்றும் வேண்டாம். உள்ளே இருக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அதிகமானால் மூக்கையே மரக்கச் செய்துவிடும். நாற்றம் போய்விட்டது, இறங்கலாம் என்று நினைக்கும் அந்தக் கணமே ஆபத்து. மெழுகுவர்த்தி இறக்கிப் பார்ப்பது அந்த வாயுவைக் காட்டாது. மீத்தேன் இருந்தால் வெடிக்கும். முதல் ஆள் மயங்கியதும் தூக்க இறங்கும் இரண்டாவது ஆளும் மூன்றாவது ஆளும் அங்கேயே உயிர்விடுகிறார்கள். ஆளை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று 2023இல் உச்சநீதிமன்றம் உயர்த்தியிருக்கிறது. இவை எல்லாம் ஒருபுறம். இறக்கப்படுகிறவர் யார், எந்தத் தெருவிலிருந்து கூப்பிட்டு வருகிறோம், ஞாயிறன்று அவர் எந்த வரிசையில் அமர்கிறார்? ஆலயமும் பள்ளியும் விடுதியும் நடத்தும் நாம் இதை ஒரு தீர்மானமாகவே எழுத வேண்டும். ஒவ்வொரு அறைக்கும் மேலே இரண்டடி அகலத் திறப்பு ஒன்று வைத்துவிட்டால் லாரிக் குழாய் எட்டிவிடும், இறங்க அவசியமே வராது. புதிதாகக் கட்டிய சம்ப்பில் (நிலத்தடித் தண்ணீர்த் தொட்டியில்) கான்கிரீட்டைத் தாங்கிய சென்டரிங் பலகை பிரிக்க இறங்குவதும் இதே ஆபத்துத்தான். மூடிக் கிடந்த சம்ப்பில் மூச்சுக்குக் காற்று இருக்காது. இரண்டு வாயையும் திறந்து, புளோயரால் வெகுநேரம் காற்றடித்து, இடுப்பில் கயிறு கட்டி, மேலே இருவர் நிற்காமல் யாரும் இறங்கக் கூடாது.

யாத்திராகமம் 21ஆம் அதிகாரத்தை, கத்தோலிக்கச் சகோதரர் விடுதலைப் பயணம் என்று வாசிக்கும் நூலை, ஒரு முறை எடுத்துப் பாருங்கள். குழி வெட்டி மூடாமல் விட்டு அதில் ஒரு மாடு விழுந்தாலும் குழிக்குச் சொந்தக்காரன் ஈடு கொடுக்க வேண்டும் என்று இருக்கிறது. 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் கைவிட்ட போருக்குள் விழுந்த இரண்டு வயதுக் குழந்தைக்காகத் தமிழ்நாடே நாட்கணக்கில் ஜெபித்தது. சபைகளின் பழைய நிலங்கள், மூடிய பள்ளிகள், கல்லறைத் தோட்டங்கள் எல்லாவற்றிலும் வற்றிப்போன போர் இருக்கிறதா என்று ஒருவரை நடந்து பார்க்கச் சொல்லுங்கள். வாயில் சாக்கு கட்டுவதும் கல் வைப்பதும் மூடுவதாகாது. அடிவரை மணலும் களிமண்ணும் நிரப்ப வேண்டும், அல்லது போரின் வாயிலுள்ள கேசிங் குழாயின்மேல் இரும்பு மூடியை வெல்டிங் செய்ய வேண்டும். உபாகமம் 22 மாடிக்குக் கைப்பிடிச்சுவர் கட்டச் சொல்கிறது. கட்டட விதி அதற்கு 1 மீட்டர் உயரமாவது கேட்கிறது; புயலுக்குப் பயந்து குழந்தைகளோடு மாடியில் நிற்கப் போகிறவர்களுக்கு அது பெரிய அளவில்லை.

இடிதாங்கி பற்றிச் சுருக்கமாக. வயல்வெளி நடுவே ஊரில் உயரமானது பெரும்பாலும் நம் கோபுரம். உச்சியில் கூரான கம்பி இருந்தால் மட்டும் போதாது. இரண்டு பக்கமும் செம்புப் பட்டை முறியாமல் பூமிவரை இறங்க வேண்டும், எர்த்தின் மின்தடை 10 ஓமுக்குள் இருக்க வேண்டும். அளப்பதை மழைக்குப் பின் செய்தால் எல்லாம் நன்றாகவே காட்டும். சித்திரையில் அளக்கச் சொல்லுங்கள். தரையோரம் எட்டடி உயரத்துக்குச் செம்பைத் திருடிப் போயிருப்பார்கள். அங்கே இரும்பு உறை போட்டு மூடுங்கள்.

இத்தனையும் செய்யப் பணம் எங்கே என்று கேட்பீர்கள். புதிதாகக் கட்டுவதற்கு நன்கொடை வருகிறது, வாஷருக்கு வருவதில்லை. எங்கள் வருத்தம் அதுதான். தரங்கம்பாடியை நினைத்துப் பாருங்கள். 1706இல் ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்க் வந்து இறங்கினார். சில வருடத்தில் ஜெர்மனியின் ஹாலேயிலிருந்து அச்சு இயந்திரத்துக்குத் தமிழ் எழுத்துகள் வந்தன. எழுத்து பெரிது. அதில் அச்சிட்டால் இருந்த காகிதத்தில் புதிய ஏற்பாடு அடங்காது. வந்ததற்கு ஒரு நன்றி ஆராதனை வைத்துவிட்டு அவர்கள் உட்கார்ந்துவிடவில்லை. இங்கேயே சின்ன எழுத்து வார்த்தார்கள், பொறையாறில் காகிதப் பட்டறையும் வைத்தார்கள். 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு முடிந்தது. எழுத்தின் அளவையும் தாளின் எண்ணிக்கையும் பார்த்த அந்தக் கண்தான் இன்றைக்கு நம் கமிட்டிகளுக்கு வேண்டும்.

ஆண்டு வரவுசெலவில் 'பராமரிப்பு' என்று ஒரு தலைப்பு தனியாக இருக்கட்டும். அதில் போட்ட தொகையைத் திருவிழாவுக்கோ வர்ணத்துக்கோ மாற்றக் கூடாது என்று தீர்மானம் எழுதுங்கள். திறப்புவிழாக் கல்வெட்டுக்குப் பக்கத்தில் ஒரு சிலேட்டு மாட்டுங்கள்: தொட்டி கழுவிய தேதி, வாஷர் மாற்றிய தேதி, டிடிஎஸ் அளவு, அடுத்த தேதி. அது ஞாயிறு தோறும் எல்லார் கண்ணிலும் படும். வாலிபர் சங்கத்திலிருந்து இருவரைப் பொறுப்பாக்குங்கள், அதில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். தண்ணீர் வராத நாளை முதலில் அறிகிறவர்கள் பெண்கள்தான். கேட், மாடி, மெயின் சுவிட்ச் சாவிகள் மூன்று வீட்டில் இருக்கட்டும், அதில் ஒரு வீடு சபைக்கு வெளியே உள்ளதாக இருந்தால் இன்னும் நல்லது.

வேளாங்கண்ணித் திருவிழா முடிந்த அடுத்த சனிக்கிழமையிலிருந்து அக்டோபர் முதல் வாரம்வரை, கூப்பிடும் சபைக்கெல்லாம் நாங்கள் இருவர் மூவராக வருகிறோம். கூலி வேண்டாம். டிடிஎஸ் மீட்டரும் குளோரோஸ்கோப்பும் எர்த் மீட்டரும் கொண்டு வருவோம். அரை நாளில் எல்லாவற்றையும் பார்த்து, எதை இந்த வாரம், எதை அடுத்த வருடம் என்று உங்கள் நோட்டில் எழுதித் தருவோம். 20 அடி ஏணி ஒன்றும், மாடிச் சாவியும், செப்டிக் டேங்க் எங்கே இருக்கிறது என்று தெரிந்த பழைய உபதேசியார் ஒருவரும் மட்டும் அன்றைக்கு இருக்கட்டும்.

கிறிஸ்துவின் பணியில்,
காவிரிப் படுகையின் பொறியாளர்கள், மெக்கானிக்குகள், எலக்ட்ரீஷியன்கள், கொத்தனார்கள் சிலர்